ஊர்க் கணக்கை ‘அப்படியே கிடக்கட்டும்’ என்று விட்டுப் போகாதீர்கள்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், மெடிக்கல் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்ப்பார்கள். ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்து, நாலு செக்கில் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். பெற்றவர்கள் சிரமப்படக் கூடாது என்ற அக்கறையில் செய்வதுதான். ஆனால் ஏழெட்டு வருடம் கழித்து வீடு விற்கும்போதோ, பணத்தை வெளியே எடுக்கும்போதோ வருகிற சிக்கல்களில் பெரும்பகுதி அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

முதல் குழப்பம் 182 நாள். “ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் மாத்திக்கலாம்” என்பார்கள். அந்த நாள் கணக்கு வருமான வரிக்கானது. வங்கிக் கணக்கை ஆள்வது 1999ஆம் வருட அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா. வேலைக்காக நாட்டை விட்டுப் போகிறவர் கிளம்பிய நாளிலிருந்தே அந்தச் சட்டப்படி வெளிநாடுவாழ் நபர். சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வெளிநாடுவாழ் இந்தியர் உள்நாட்டு வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல 3 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதத்தைவிட அதிகம் நடப்பது வேறு: கேஒய்சி எனும் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கும் நேரத்தில் பாஸ்போர்ட்டில் வெளிநாட்டு விசாவைப் பார்த்ததும் வங்கி கணக்கை நிறுத்தி வைக்கும். அந்த மாதத் தவணை திரும்பும், மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்ஐபி நிற்கும், வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்க முடியாது.

மாற்றுவது பெரிய வேலையில்லை. வங்கியின் படிவம், பாஸ்போர்ட், விசா அல்லது வேலை அனுமதி, வெளிநாட்டு முகவரிச் சான்று, பேன், புகைப்படம், எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்ற உறுதிமொழி. ஊரில் இருக்கும்போதே கிளையில் நேரில் கொடுத்தால் அசலைக் காட்டினால் போதும். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் நகல்களில் இந்தியத் தூதரகம், நோட்டரி, அல்லது அந்த நாட்டில் உள்ள இந்திய வங்கிக் கிளை இவற்றில் ஒன்றின் சான்றொப்பம் கேட்பார்கள். சில வங்கிகளில் பழைய எண்ணே தொடரும், சிலவற்றில் புது எண் தருவார்கள். புது எண் என்றால் காப்பீட்டு பிரீமியம், எஸ்ஐபி, வீட்டுக்கடன் தவணை ஆகியவற்றுக்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதிகளை எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். வங்கியில் ‘ஆர். முத்துக்குமார்’, பேனில் ‘முத்துக்குமார் ராமசாமி’, பாஸ்போர்ட்டில் ராமசாமி சர்நேம் இடத்தில், ஆதாரில் வெறும் ‘முத்துக்குமார்’. மனிதருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. பெயர் பொருந்தாமல் கேஒய்சி தள்ளுபடியாகும், வரி ரீஃபண்ட் கணக்கில் ஏறாது. வெளிநாட்டில் இருக்கும்போது மாற்றக் கடினமானது பாஸ்போர்ட்தான் என்பதால், அதில் உள்ள எழுத்துக்கு மற்ற மூன்றையும் மாற்றிக்கொள்வதே சரி. அடுத்த விடுமுறையில் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள்.

என்ஆர்இ, என்ஆர்ஓ வித்தியாசம் பலருக்கும் வட்டிக்கு வரி உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடிப்படை. வெளிநாட்டுச் சம்பளம் என்ஆர்இக்குப் போகலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, முதலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். வீட்டு வாடகை, நெல் விற்ற பணம், அப்பா கொடுத்த பங்கு போன்ற உள்நாட்டு ரூபாய் என்ஆர்ஓவுக்குத்தான் போக வேண்டும். நண்பர் திருப்பித் தரும் கடனை என்ஆர்இ எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்வது தவறு. என்ஆர்இ எஃப்டியை 1 வருடம் முடியும் முன் உடைத்தால் வட்டி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. சில மாதங்களில் தேவைப்படும் பணத்தை அதில் போடாதீர்கள்.

என்ஆர்ஓ வட்டியில் வங்கி 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிக்கும், மொத்தம் 31.2 சதவீதம். 10 லட்சம் எஃப்டி, 7 சதவீத வட்டி என்று வையுங்கள். 70,000 ரூபாய் வட்டியில் 21,840 போய்விடும். 15ஜி, 15எச் படிவம் கொடுத்து இதைத் தடுக்க நமக்கு வழியில்லை. ஆனால் இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவருக்கு அந்த 21,840 முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரும். எத்தனையோ பேர் “வரிதான் பிடிச்சுட்டாங்களே” என்று வருடா வருடம் விட்டுவிடுகிறார்கள். வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அது, விடாதீர்கள். தாக்கல் செய்யும்போது ஐடிஆர்-1 எடுக்கக் கூடாது, அது உள்நாட்டில் வசிப்பவருக்கானது. வட்டி, மூலதன ஆதாயம் மட்டும் இருந்தால் ஐடிஆர்-2. வசிக்கும் நாட்டின் வரி வசிப்பிடச் சான்றிதழும் 10எஃப் படிவமும் வங்கியிடம் கொடுத்தால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி பிடித்தம் குறையும். அமீரகத்துக்கு 12.5 சதவீதம், சிங்கப்பூருக்கு 15. சான்றிதழை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். மறந்தால் மறுபடி 31.2தான். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண், படிவ எண் மாறும். பழைய எண்களை மனப்பாடமாக நம்பாமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மாவிடம் இருக்கும் அந்த ஏடிஎம் கார்டு. அடுத்தவர் கார்டைப் பயன்படுத்துவது வங்கி விதிக்கு எதிரானது. பணம் திருடுபோனால் பின் நம்பரை நீங்களே கொடுத்தீர்கள் என்று வங்கி கைவிரிக்கும். அதைவிட மோசம் சிம்மையும் வீட்டில் விட்டுப்போவது. ஓடிபி எல்லாம் அந்தப் பழைய போனுக்கு வரும். கேட்கிறவன் வங்கி மேனேஜர் மாதிரிப் பேசினால் எழுபது வயது அம்மா சொல்லிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, நாம் வைத்த பொறுப்பு அது. முறையான வழி இருக்கிறது: என்ஆர்ஓ கணக்குக்கு ‘மேண்டேட்’ கொடுக்கலாம். அம்மா பெயரிலேயே, அவர் கையெழுத்தோடு உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பணம் எடுக்கும் அதிகாரம். மேண்டேட் வைத்திருப்பவர் பணத்தை அன்பளிப்பாக யாருக்கும் மாற்ற முடியாது என்பது நமக்கும் பாதுகாப்பு. கூட்டுக் கணக்கு என்றால் உள்ளூர் உறவினரை ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ முறையில்தான் சேர்க்க முடியும். நீங்கள் இருக்கும்வரை அவர் தானாக இயக்க முடியாது, உங்களுக்குப் பின் அவருக்குப் போகும். பழைய கணக்கு, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று இருந்திருந்தால் இதை அம்மாவுக்கு விளக்கிவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் செக் திரும்பும்போது அவர் கிளையில் தனியாக நிற்பார்.

இன்னும் எளிய வழி, மாதச் செலவை அம்மாவின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுவது. மகன் அனுப்பும் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை.

சிம்மைக் கையோடு எடுத்துப்போய் ரோமிங்கில் குறுஞ்செய்தி வரும்படி வையுங்கள். ரீசார்ஜ் காலாவதியாகி நீண்ட நாள் கிடந்தால் எண் வேறொருவருக்குப் போய்விடும், அதோடு உங்கள் ஓடிபியும். வெளிநாட்டு எண்ணையே வங்கியில் பதியலாம். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் உட்பட 10 நாட்டு எண்களில் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குக்கு யுபிஐ வசதியை 2023இல் அனுமதித்தார்கள்.

முதலீடுகளில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) ஏற்கெனவே இருந்தால் 15 வருடம் முடியும்வரை கட்டலாம், நீட்டிக்க முடியாது, புதிதாகத் தொடங்கவும் முடியாது. மகள் பெயரில் செல்வமகள் சேமிப்பு இருந்து அவளும் வெளிநாட்டில் குடியேறிவிட்டால் அதை மூட வேண்டும். மியூச்சுவல் ஃபண்டில் கேஒய்சியை மட்டும் மாற்றினால் போதாது. ஒவ்வொரு ஃபோலியோவிலும், அதாவது ஃபண்டுக் கணக்கிலும், வெளிநாடுவாழ் இந்தியர் என்ற தகுதியும் வங்கிக் கணக்கும் மாற வேண்டும். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களிடம் பல ஃபண்டு நிறுவனங்கள் புதிய பணம் வாங்குவதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்திய ஃபண்டு வைத்திருந்தால் அமெரிக்க வரித்துறைக்குக் கொடுக்க வேண்டிய 8621 படிவத்தின் வேலையே ஃபண்டு தரும் லாபத்தைத் தின்றுவிடும். என்னைக் கேட்டால் வாங்க வேண்டாம் என்பேன். இந்தியாவில் வரியில்லாத என்ஆர்இ வட்டிக்கும் அங்கே வரி உண்டு. எல்லாக் கணக்கும் சேர்ந்து வருடத்தில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் தாக்கலும் உண்டு. பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கையும் என்ஆர்ஓ வகைக்கு மாற்ற வேண்டும். பங்கை வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே வியாபாரம் நமக்குக் கிடையாது.

நிலம் வாங்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. வீடு, மனை வாங்கலாம்; வயல், தோப்பு, பண்ணை வீடு வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்கும்போதுதான் அடி பலமாக விழும். 2 வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை 80 லட்சத்துக்கு விற்று 10 லட்சம் லாபம் என்றாலும், வாங்குபவர் 12.5 சதவீதத்தை மொத்த விலைக்குப் பிடிப்பார். 10 லட்சம் அப்படியே போய்விடும், சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. உண்மையான வரியோ 10 லட்சம் லாபத்துக்கு 1.25 லட்சமும் செஸ்ஸும்தான். இதைத் தவிர்க்கக் குறைந்த பிடித்தச் சான்றிதழ் கேட்டு வரித்துறையில் விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வர வாரங்கள் ஆகும் என்பதால் அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். விற்ற பணம் என்ஆர்ஓவுக்கு வர வேண்டும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுக்கலாம், ஆடிட்டர் சான்றோடு. விற்க அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தால், வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரம் இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பீரோவில் வைத்துவிட்டால் வீணாகும்.

ஊர் திரும்பி நிரந்தரமாகத் தங்க முடிவு செய்தால் அதையும் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். என்ஆர்இ வட்டிக்கான வரிவிலக்கு அன்றோடு முடிகிறது. வெளிநாட்டுப் பணத்திலேயே போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட் முதிர்வு வரை தொடரலாம், பிறகு டாலரிலேயே வைத்திருக்க ஊர் திரும்பியவர்களுக்கான ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2 வருடம் நீங்கள் தொடாத கணக்கு செயலற்றதாகும், 10 வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். வாரிசுகள் தேட உத்கம் என்ற தளம் 2023 முதல் இருக்கிறது, ஆனால் எந்தப் பெயரில், எந்த வங்கியில் என்றாவது தெரிந்தால்தான் தேட முடியும். இன்றிரவே ஒரு வெள்ளைத்தாளில் வங்கி, கிளை, கணக்கின் கடைசி 4 எண், எஃப்டி முதிரும் தேதி, நாமினி யார், பாலிசி எண், ஆடிட்டரின் பெயர் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். பின் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். அதை வீட்டில் இருப்பவர் கையில் கொடுத்து, வீடியோ காலில் ஒருமுறை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.