ஒரு நாளைக்கு ஒரு மலை போதும்

போன வருடம் என் மகளைப் பள்ளியில் சுற்றுலா கூட்டிப் போனார்கள். ஒரே நாளில் ஐந்து இடம். என்ன பார்த்தாய் என்று கேட்டேன், வேனில் போட்ட பாட்டுகளைச் சொன்னாள். பிள்ளைகளுக்கு வரலாறு பிடிக்காது என்று நாம் முடிவு கட்டுவது இப்படித்தான். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில்தான் சிதறால் மலை, பழைய சமணக் கோயில் உள்ள மலை. இந்த மாதம் அவளையும் தங்கை மகனையும் காலையிலேயே அங்கே கூட்டிப் போனேன். அவளுக்கு 14 வயது. அவன் நெய்யாற்றின்கரையில் மலையாளம் படிக்கிற 9 வயதுப் பையன். அன்று வேறெங்கும் போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களில், அதாவது சமண குருமார்களில், பாம்பு குடை பிடிக்கும் பார்சுவநாதரை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். சமணர்களின் பெண் தெய்வமான அம்பிகையின் பக்கத்தில் சிங்கமும் இரண்டு குழந்தைகளும் இருப்பதையும் அவனே காட்டினான். அப்புறம் எழுத்துகளிடம் வந்தோம். மகளின் தமிழுக்கும் எட்டவில்லை, அவனுடைய மலையாளத்துக்கும் எட்டவில்லை. அது வட்டெழுத்து. ஒரு காலத்தில் தமிழும் மலையாளமும் இந்த எழுத்தில்தான் எழுதப்பட்டன என்றதும் இரண்டு பேரும் பாறையை விட்டு நகரவில்லை.

அன்று இந்தத் தென்கோடியை ஆண்ட ஆய் மரபின் அரசன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி என்ற சமணத் துறவியின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் பொன் அணிகள் கொடுத்த செய்தி இங்கே கல்வெட்டில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முந்தைய சேதி. ‘மாணாக்கியா? அப்போ பொம்பளப் பிள்ளைகளும் படிச்சாங்களா?’ என்றாள் மகள். அந்தக் கேள்வியோடு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஐந்து இடம் பார்க்கிற அவசரத்தில் இதைக் கேட்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது.

அடுத்த வாரம் பார்த்திவபுரம் போகலாமா என்று அவளாகவே கேட்டாள். முஞ்சிறை ஊர்ச்சபையாரிடம் நிலத்தை மாற்றி வாங்கி, ஆய் அரசன் கருநந்தடக்கன் கோயிலோடு சாலையும் அமைத்த ஊர் அது. காலம் 9ஆம் நூற்றாண்டு. சாலை என்றால் அன்றைக்குச் சாப்பாடும் தங்குமிடமும் உள்ள கல்விக்கூடம். 95 மாணவர்களுக்கு இடம். அதற்கு முன்பே இருந்த காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தை மாதிரியாக வைத்தது. அங்கே ஆயுதம் கூடாது, சண்டை போட்டால் தண்டனை என்று செப்பேட்டில் விதி இருக்கிறது. இன்றைக்கு ஹாஸ்டலில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது சட்டென்று புரியும்.

‘நான் அங்கே சேர்ந்திருக்க முடியுமா?’ என்றாள். முடியாது என்றுதான் சொன்னேன். அந்த 95 இடமும் வேதம் ஓதும் பிராமண ஆண்களுக்கு. பாவிழியருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று வேதப் பிரிவு வாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அவள் முகம் வாடியது. ஆனாலும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரின் பெருமையை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால், வளர்ந்தபின் மீதியை வேறு யாராவது சொல்லும்போது நம்மைத்தான் நம்பமாட்டார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உண்மையைத் தாங்கும் தெம்பு உண்டு. அன்று வீடு வரும்வரை, சிதறாலில் அந்த மாணாக்கி என்னதான் படித்திருப்பாள் என்றே பேசிக்கொண்டு வந்தாள்.

பள்ளிகளில் சுற்றுலாப் பட்டியல் போடும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிதறால் மலைக்கோவிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கு அது ஒன்று மட்டும் இருக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுங்கள். பிள்ளைகள் அந்தப் பாறை நிழலில் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.