முற்றுப்புள்ளி வைக்காத குற்றம்

மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. ராத்திரி ஒன்றரை மணிக்கு, கண் எரிய எரிய உட்கார்ந்து, என் பழைய கணக்கிலிருந்து வீட்டு மெயில் சர்வருக்கு அனுப்பிய சோதனை மெயில், நாலே நொடியில் சுவரில் அடித்த பந்து மாதிரி வந்து நிற்கிறது. இதைப் பற்றி யாரிடம் வாயைத் திறந்தாலும் ஒரே பதில்தான், எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது மாதிரி: "டிஎன்எஸ் ப்ராபகேட் ஆகணும் பாஸ், 24லிருந்து 48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க."

டிஎன்எஸ் என்பது டொமைன் பெயரைக் கேட்டால் எந்த சர்வர் என்று சொல்லும் இணையத்தின் முகவரிப் புத்தகம், ப்ராபகேட் என்றால் அதில் எழுதிய பதிவு ஊரெல்லாம் பரவுவதாம். எதுவும் எங்கேயும் பரவுவதில்லை ஐயா! என் பதிவைத் தலையில் சுமந்துகொண்டு யாரும் ஊர் ஊராகப் போய்த் தண்டோரா போடுவதில்லை. முன்னாடியே கேட்டுவிட்டுப் போன ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் சர்வர்), பழைய பதிலை டிடிஎல் (எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்ற கணக்கு) தீரும்வரை மடியில் கட்டி வைத்திருக்கும், தீர்ந்த பிறகு யாராவது கேட்டால் மறுபடி வந்து விசாரிக்கும், அவ்வளவுதான் விஷயம். டிடிஎல் 300 என்றால் அஞ்சு நிமிஷம். 86400 என்றால் முழுசாக ஒரு நாள். அந்த 86400ஐ வைத்தது பேனல், அதாவது டொமைன் பதிவுகளை நிரப்பும் இணையப் பக்கம். அதை மாற்றாமல் விட்டது நான், ஆனால் அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இன்னொரு கொடுமை, "இல்லை" என்ற பதிலையும் இது ஞாபகம் வைத்துக்கொள்ளும். பதிவைச் சேர்ப்பதற்கு முன்னால் ஆர்வக்கோளாறில் ஒருதரம், டிஎன்எஸ்ஸிடம் நேராகக் கேட்கும் டிக் கமாண்ட் அடித்துப் பார்த்துவிட்டீர்கள் என்றால் போச்சு. அப்படி ஒரு பெயரே கிடையாது என்று எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் சேர்த்த பிறகும், எஸ்ஓஏ என்ற டொமைனின் தலைமைப் பதிவில் சொன்ன நேரம் தீரும்வரை அதையே சாதிக்கும். அவசரப்பட்டவனுக்குத் தண்டனையாம். 1998லேயே இதற்கு ஆர்எஃப்சி என்ற இணைய விதி ஆவணம் எழுதி ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள்.

சரி, மெயிலுக்கு வருகிறேன். திரும்பி வந்த மெயிலைத் திறந்தால், அந்தப் பெயரில் ஹோஸ்ட் எதுவும் கிடைக்கவில்லை என்று இருக்கிறது. கிடைக்காமல் எங்கே போகும்? பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் ஏ ரெக்கார்ட் இருக்கிறது. மெயிலை எந்த சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் இருக்கிறது, முன்னுரிமை 10. பேனலைத் திறந்து பார்க்கிறேன், பக்கத்தில் பச்சைச் சரிக்குறி, "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது". எம்எக்ஸ் பெட்டிக்குள் நான் அடித்தது அடித்தபடியே இருக்கிறது: மெயில் டாட் என்டொமைன் டாட் காம். எழுத்துப்பிழை இல்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன், ஒன்றாங்கிளாஸ் பையன் மாதிரி.

அப்புறம் டிக் அடித்தேன். பதில் வந்தது. பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். ஃபயர்வாலில் மெயில் போய்வரும் வாசலான 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன், திறந்திருந்தது. மறுபடி டிக். சரியாகத்தான் இருந்தது. மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு மெயில் அனுப்பினேன், லாகில் ஒரு ஈ கூட ஆடவில்லை, அதாவது மெயில் என் வாசலுக்கே வரவில்லை. மூன்றாவது தரம் டிக் அடித்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தூரத்திலிருந்து திரையைப் பார்த்தபோதுதான் அந்த வரி மற்ற வரிகளைவிட நீளமாக இருப்பது கண்ணில் பட்டது.

மெயில் டாட் என்டொமைன் டாட் காம் டாட் என்டொமைன் டாட் காம்.

ஒன்றேகால் மணி நேரமாக என் கண் இதைப் பார்த்திருக்கிறது. பார்த்து, "ஆமா, நம்ம டொமைன்தான்" என்று பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது. திரும்பி வந்த மெயிலிலும் இதேதான் இருந்திருக்கிறது, அங்கே வரி மடங்கி இருந்ததால் ஏதோ இரண்டு தடவை போட்டிருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

காரணம் என்ன? பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்கவில்லை. புள்ளி வைத்தால் பெயர் அங்கே முடிந்துவிட்டது என்று அர்த்தம், வைக்காவிட்டால் "ஓ, அண்ணன் பாதிதான் சொல்லியிருக்கார், மிச்சத்தை நாமே சேர்த்துக்கொள்வோம்" என்று டொமைனை இன்னொரு தரம் வாலில் ஒட்டிவிடும். நாம் தமிழ் படித்தவர்கள், புள்ளி வைத்தால் மெய், எடுத்தால் உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு புள்ளிக்குப் பயந்து வளர்ந்தவர்கள், நமக்கு இது புரியாமல் இல்லை. டொமைனின் பதிவுகள் இருக்கும் ஸோன் ஃபைலைக் கையால் எழுதும்போது இந்த விதி உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இது பேனல்! பெட்டி போட்டு, பட்டன் போட்டு, "உங்களுக்கு ஒன்றுமே தெரிய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லித்தானே இதைக் கொடுத்தார்கள்? முன்பு வேறோர் இடத்தில் டொமைன் வைத்திருந்தேன், அங்கே கடைசியில் புள்ளி வைத்தால் "தவறான எழுத்து" என்று சிவப்பில் திட்டும். இங்கே வைக்காவிட்டால் சத்தமே இல்லாமல் வாலை ஒட்டிவிட்டு, திரையில் மட்டும் நான் அடித்ததையே காட்டும். எனக்குக் காட்டுவது ஒன்று, உலகத்துக்குச் சொல்வது ஒன்று. ஒட்டியதைக் காட்டித் தொலைத்தால் என்ன, பிக்ஸலுக்குக் காசு கேட்கிறார்களா?

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன்னால், வலையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர் பெயரையும் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாரும் அதைத்தான் நகல் எடுத்துக்கொண்டார்களாம். வலை வளர வளர அது தாங்கவில்லை, அதனால்தான் டிஎன்எஸ். நியாயம்தான், அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ராத்திரி இரண்டரைக்கு அந்த ஹோஸ்ட்ஸ் ஃபைல் காலத்தை நினைத்து ஒரு பெருமூச்சு வந்தது உண்மை.

இதில் பெரிய அவமானம் எது தெரியுமா? மூன்று நாளாக இந்த சர்வர் வேலை செய்கிறது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நானே மெயில் அனுப்பிப் பார்த்தேன், அரை நொடியில் வந்தது. ஆஹா, என்ன வேகம்! வேகம் இருக்காதா? அது பெட்டியை விட்டு வெளியே போனால்தானே? இந்த டொமைன் தன்னுடையது என்று சர்வருக்கே தெரியும், எம்எக்ஸைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தபால் துறை நடத்தியிருக்கிறேன்.

புள்ளியை வைத்துவிட்டேன். பழைய கணக்கை வைத்திருக்கும் மகானுபாவரின் ரிசால்வர் மட்டும், அந்த இரட்டைவால் பெயரை நாளை இந்நேரம் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கும். ஆக, கடைசியில் 24 மணி நேரம் வெயிட் பண்ணத்தான் வேண்டும். அந்த ஆட்கள் சொன்னது பலித்துவிட்டது, அதுவும் தப்பான காரணத்துக்காக, அதுதான் இன்னும் எரிகிறது.

வெளியே அனுப்பும் வழி போன வாரமே சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன், அதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 25ஆம் போர்ட்டை இணைய இணைப்பு தருகிறவர்கள் வெளிப்பக்கம் அடைத்து வைத்திருந்தார்கள். கெஞ்சித் திறந்தால், பிடிஆர் இல்லை. டொமைன் என்னுடையது, சர்வர் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது, ஆனால் ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் அந்தத் தலைகீழ்ப் பதிவு மட்டும் ஐபி யாருடையதோ அவர்கள் கையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி மனசு வைக்கணும். 192.0.2.25 என்றால் 25.2.0.192 என்று திருப்பிப் போட்டு, அதன் வாலில் ஒரு பெயரையும் ஒட்டித் தேடுகிற பதிவு இது. இதை வாடிக்கையாளர் சேவையில் விளக்கி முடித்தபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "சார், ரூட்டர்ல சிவப்பு லைட் எரியுதா?"

எரியவில்லை அம்மா, நான்தான் எரிகிறேன்.

அப்புறம், மெயில் போலி இல்லை என்று காட்டும் பதிவுகள். எஸ்பிஎஃப் (என் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்ற பட்டியல்) இரண்டு பதிவாக இருக்கக் கூடாது, அதற்குள் டிஎன்எஸ் தேடல் பத்துக்கு மேல் போகக் கூடாது. டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) சாவி 2048 பிட், ஆனால் அதை வைக்கும் டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் எல்லை, எனவே அதை வெட்டி, மேற்கோள் குறிக்குள் துண்டு துண்டாகப் போடணும். இந்த இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டீமார்க்கைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

எல்லாம் போகட்டும், உள்ளே வராவிட்டால் வெளியேயாவது போகிறதா பார்ப்போம் என்று தம்பிக்கு ஒரு மெயில் தட்டினேன். அவன் அந்நேரத்துக்கும் விழித்திருக்கிற ஜாதி. லாகில் "அனுப்பப்பட்டது, 250" என்று வந்தது. 250! அந்தப் பக்கத்து சர்வர் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். எழுந்து நின்றுவிட்டேன். உடனே போன் போட்டேன்.

"வந்துச்சாடா?"

"வந்திருக்குண்ணா. ஆனா ஸ்பேம்ல கிடக்கு."

"ஸ்பேம்லயா? எஸ்பிஎஃப், டிகிம், டீமார்க் எல்லாம் பாஸ்டா! ஹெடரைப் பாரு!"

"பாஸ்தாண்ணா, பாத்துட்டேன். இதுக்கு மேல எனக்கு ஏதோ லாட்டரி விழுந்திருக்குன்னு ஒரு மெயில், அது இன்பாக்ஸ்ல இருக்கு. அதுவும் மூணும் பாஸ்." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணா, சப்ஜெக்ட்ல டெஸ்ட். உள்ள டெஸ்ட். கீழ கையெழுத்து இடத்துலயும் டெஸ்ட். நானா இருந்தாலும் ஸ்பேம்லதான் போட்டிருப்பேன்."

சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய. பக்கத்து அறையிலிருந்து "யாரோட பேசிட்டிருக்கீங்க இந்நேரத்துல?" என்று குரல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அது சரி, ஒன்று கேட்கணும். இந்த ரூட்டரில் விடிய விடியச் சிமிட்டும் நீல விளக்கை அணைக்க ஏன் ஒரு வழியும் வைக்கவில்லை? இரண்டு மடிப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன், அதையும் தாண்டி மச்சு முழுக்க நீலமாக அடிக்கிறது.