உடைந்தது கண்ணாடியா, டிஸ்ப்ளேவா?

போன் விழுந்து உடைந்தால், விலை கேட்பதற்கு முன்னால் எது உடைந்திருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் கோத்தகிரிப் பக்கம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, கடையிலும் தாமாகச் சொல்வதில்லை.

போனின் முகப்பில் நம் விரல் படுவது வெறும் கண்ணாடி. படம் காட்டும் பேனல் அதற்கு அடியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓசிஏ எனப்படும் ஒளி ஊடுருவும் பசைத்தாள். விரிசல் விழுந்தும் படம் பளிச்சென்று தெரிகிறது, மூலை முடுக்கெல்லாம் டச் வேலை செய்கிறது என்றால் பேனல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். கறுப்புத் திட்டு, கலர் கோடு, டச் செத்துப்போன இடம் எல்லாம் இருந்தால்தான் பேனலும் அடிபட்டிருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர். அவருடைய போன் கல்படியில் விழுந்தது. ஒரு மூலையிலிருந்து விரிசல் ஓடியிருந்தது, அவ்வளவுதான். படம், டச் எல்லாம் சரியாக இருந்தன. "காம்போ போச்சுக்கா, மாத்திடலாம்" என்றார்கள் கடையில். காம்போ என்றால் கண்ணாடியும் பேனலும் ஒட்டிய முழு செட். மாற்றினார்கள். வந்த போனில் வெள்ளை நிறமே நீலம் பாய்ந்து கிடக்கிறது, வெயிலில் எழுத்து தெரியவில்லை, கைரேகை வைத்தால் திறக்கவில்லை. முன்பு இருந்தது ஓஎல்இடி, பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் பேனல். அதன் வழியாகத்தான் அடியில் இருக்கும் சென்சார் விரலைப் பார்த்தது. இப்போது போட்டிருப்பது எல்சிடி காப்பி, அதாவது பின்விளக்கு வைத்து ஒளிரும் வகையில் செய்த மலிவு நகல். அந்தப் பின்விளக்கு அடுக்கு சென்சாரை மறைத்துவிட்டது. இது தெரியாமல், தேயிலைக் கறை ஏறிய தன் விரலில்தான் ஏதோ கோளாறு என்று அந்த அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

பழைய டிஸ்ப்ளே எங்கே என்று கேட்டேன். கடையிலேயே விட்டுவிட்டாராம். பேனல் உயிரோடு இருக்கும் ஒரிஜினல் டிஸ்ப்ளேவுக்கு மார்க்கெட்டில் நல்ல மதிப்பு உண்டு. வாங்கிப்போய்க் கண்ணாடியை மட்டும் மாற்றி மறுபடி விற்கிறார்கள். அந்தத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால், புதுக் கண்ணாடி போட்ட ஒரிஜினல் பேனல் மலிவுக் காப்பியைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பொருள் அக்காவுடையது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதன் மதிப்பைப் பில்லில் கழிக்க வேண்டும். என்ன டிஸ்ப்ளே போட்டோம், ஒரிஜினலா, காப்பியா, கண்ணாடி மாற்றியதா என்பதையும் பில்லில் எழுத வேண்டும்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடியை மட்டும் மாற்றுவது லேசான வேலை இல்லை. சூடான தட்டில் வைத்து, முடி போன்ற கம்பியால் பசையை அறுத்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்து, புதுக் கண்ணாடியை வெற்றிட மெஷினில் ஒட்டி, காற்றுக் குமிழை அழுத்தத்தில் நீக்க வேண்டும். ஓஎல்இடியில் கம்பி கொஞ்சம் பிசகினாலும் பேனலே போய்விடும். அந்தப் பயம் நியாயமானது. சின்னக் கடைக்கு மெஷின் செலவும் பெரிது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் போட்டால் எல்லோருக்கும் உதவும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை கம்பெனிகள். ஒரிஜினல் பாகம் இந்தக் கடைகளுக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. 2021-இல் ஐபோன் 13 வந்தபோது, வெளிக்கடையில் ஸ்கிரீன் மாற்றினால் முகம் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் ஆப்பிள் அதை மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடத்துக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. நல்லது. ஆனால் பாகம் மலையேறி வர வேண்டுமே! கோயம்புத்தூர் இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. நவம்பர் மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் முடியாது.

இன்னொன்று. ஒருமுறை திறந்த போனில், தண்ணீர் புகாமல் தடுக்கும் பழைய ஒட்டு போய்விடும். நம் ஊர் மேகமும் ஈரமும் தெரிந்ததுதானே. சுற்றிலும் பசை போட்டு, கிளிப் மாட்டி ஆறவிடச் சொல்லுங்கள். குளிரில் அது இறுக நேரம் பிடிக்கும், "சீக்கிரம் கொடுங்கண்ணா" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

நீலகிரிக்குள் எங்காவது கண்ணாடியை மட்டும் மாற்றி, என்ன போட்டோம் என்று பில்லிலும் எழுதிக் கொடுக்கிற கடை இருந்தால் கமெண்டில் ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள். நம் ஆட்களை அங்கேயே அனுப்பலாம்.