93 சதவீதம் உடல்மொழியா?

அண்ணாச்சி, நேர்முகத் தேர்வுக்குப் போகிற பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கு, 'பேச்சில் 7 சதவீதம்தான் சொல், மீதி 93 குரலும் உடல்மொழியும்' என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது. 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் மற்றவர்களுடன் சேர்ந்து செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்தது அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டார்கள், ஒன்றில் முகப் படங்களும் காட்டினார்கள். பேசுகிறவரின் விருப்பு வெறுப்பை மட்டுமே கணிக்கச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் சிலர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "வாங்க வாங்க" என்பார்களே, அந்த மாதிரி இடத்துக்குச் சரி. வேலை அனுபவத்தைப் பற்றிய பதிலுக்கு அல்ல.

இந்த வரம்பை மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அவர் பெயரைத் தேடுங்கள். அப்புறம், அம்பாசமுத்திரம் பஸ் எங்கே நிற்கும் என்று யாரிடமாவது போனில் கேட்டுப் பாருங்கள். முகம் தெரியாமலே சரியான பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள்.