டிங்கா ராமாவா: முதல் ஒரு நிமிஷம்தான் மேட்டரே

தாய்லாந்து ஓங் பாக் படத்து டிங்கும் இந்தோனேசியா தி ரெய்ட் படத்து ராமாவும் ஒத்தைக்கு ஒத்தை நின்னா யாரு ஜெயிப்பா? இந்தக் கேள்வியை எவனோ ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கப் போயிட்டான், மிச்சப் பேரு ராத்திரி ஒரு மணி வரைக்கும் அடிச்சுக்கிட்டோம். அங்க டைப் பண்ணது பூரா மீம்ஸுக்கு அடியில புதைஞ்சு போச்சு, அதனால என் தரப்பை இங்க முழுசா எழுதிடுறேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல ஒரு பஞ்சாயத்தை முடிச்சிடுவோம். டிங்குன்னா 2003ல வந்த ஓங் பாக் டிங் மட்டும்தான். ஒரே ஷாட்ல கிட்டத்தட்ட 4 நிமிஷம் மாடி மாடியா ஏறி அடிச்சுக்கிட்டே போவாரே டோனி ஜா, அது டாம் யும் கூங், அந்த கேரக்டர் பேரு காம், யானையைத் தேடிக்கிட்டு ஆஸ்திரேலியா போன ஆளு. ஓங் பாக் 2ல வர்றது அயுத்தயா காலத்து தியென். மூஞ்சி ஒண்ணுங்கிறதுக்காக மூணு பேரோட ரெக்கார்டையும் ஒருத்தன் கணக்குல எழுதக் கூடாது. ராமாவுக்கு மட்டும், அதாவது ரவுடிங்க கட்டிடத்துக்குள்ள மாட்டிக்கிட்ட போலீஸ்காரனுக்கு (நடிச்சது இக்கோ உவைஸ்), 2011, 2014னு ரெண்டு படத்தையும் எடுத்துக்குறியேன்னு கேப்பீங்க. ரெண்டுலயும் அவன் ஒரே ஆளுதானேப்பா, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்.

சரி, டிங்கு பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அவனைக் குறைச்சுப் பேசுனா எனக்கே மனசு கேக்காது. கிராமத்துக் கோயில் புத்தர் சிலையோட தலையை ஒருத்தன் வெட்டி எடுத்துட்டுப் போயிட, அதைத் தேடி பாங்காக் வர்ற பையன். கையில இருக்கிறது முவே போரான், இன்னைக்கு ரிங்குல பாக்குற முவே தாய்க்கு மூத்தது, கிளவுஸ் வர்றதுக்கு முந்தி கையில கயிறைச் சுத்திக்கிட்டு ஆடுன ஆட்டம். முழங்கையும் முழங்காலும்தான் அதுல ஹீரோ. டிங்கு ஓடி வந்து எதிராளியோட தொடையிலயோ தோள்லயோ ஒரு கால் வச்சு ஏறி, ரெண்டு முழங்கையையும் நேரா உச்சந்தலையில இறக்குவான் பாருங்க, தலைக்கு மேல இருந்து இறங்குற அடிக்கு எவன்கிட்ட தடுப்பு இருக்கு? வயரும் கிடையாது கிராபிக்ஸும் கிடையாதுன்னு விளம்பரம் பண்ணி வித்த படம் அது, சும்மா சொல்லல, அந்தச் சந்து ஓட்டத்துல முள்கம்பி வளையத்துக்குள்ள பாய்றதும், ரெண்டு பேரு தூக்கிட்டுப் போற கண்ணாடிகளுக்கு நடுவுல புகுந்து போறதும் இன்னைக்குப் பாத்தாலும் காலு தன்னால மடங்கும். அப்புறம் பந்தயச் சண்டை நடக்குற கிளப்புல சாம்பியன்னு ஒருத்தன் நிப்பான், டிங்கு ஒரே ஒரு முழங்கால் குடுப்பான், ஆளு காலி.

இங்கதான் நம்ம கண்ணு நம்மள ஏமாத்துது. ஓங் பாக்ல பெரிய அடி ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு ஆங்கிள்ல திருப்பித் திருப்பிப் போடுவாங்க, ஸ்லோ மோஷன் வேற. அடி விழுந்தது ஒண்ணு, நம்ம மண்டையில பதியுறது மூணு. ரெய்ட்ல டைரக்டர் காரெத் எவன்ஸ் அப்படி நிறுத்தி ரசிக்க விடவே மாட்டாரு, ஒரு அடியைப் பாத்து நாம ஸ்ஸ்ஸ்னு சொல்றதுக்குள்ள அடுத்த நாலு விழுந்திருக்கும், அதனால ராமா அடிச்சதுல பாதி நமக்கு ஞாபகமே இருக்காது. இந்த எடிட்டிங் கணக்கைக் கழிச்சிட்டுப் பாத்தாத்தான் ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்க முடியும், ஆனா குரூப்ல ஒருத்தனும் கழிக்கத் தயாரா இல்ல.

அடுத்து மேட் டாக். தமாஷ் என்னன்னா ரெண்டு உலகத்துலயும் மேட் டாக்னு ஒருத்தன் இருக்கான். ஓங் பாக் மேட் டாக் கிளப்புல கையில கிடைக்கிற டேபிள், சேரு, கடைசில ஃபிரிட்ஜு வரைக்கும் தூக்கி அடிக்கிறவன், அவனை டிங்கு தனியாளா சாய்ச்சிட்டான். ரெய்ட் மேட் டாக், அதாவது யாயான் ருஹியான், கையில துப்பாக்கி இருந்தும் அதை ஓரமா வச்சிட்டு வெறுங்கையில கொல்றதுதான் ருசின்னு நினைக்கிற ஜந்து. அவனை முடிக்க ராமாவும் கூடப் பிறந்த ஆண்டியும் சேந்து இறங்க வேண்டியதாப் போச்சு. டிங்கு கட்சிக்காரங்க இதைத்தான் புடிச்சுத் தொங்குறாங்க. "மாப்ள, அவ்ளோ பொடியனா ஒருத்தனை அடிக்க ரெண்டு பேரு தேவைப்பட்டிருக்கு, இவன் போய் டிங்கு முன்னாடி நிப்பானா?"ன்னு ஒருத்தன் கேட்டதுக்கு 14 ஹார்ட்டு.

டேய், அந்தச் சண்டையை மறுபடி போட்டுப் பாருங்கடா. உடைஞ்ச டியூப் லைட்டு கழுத்துல குத்திக்கிட்டு நிக்குது, அந்த மனுஷன் அப்படியே எழுந்து வந்து ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டு அடிக்கிறான். பேரு ஒண்ணா இருந்தா சரக்கு ஒண்ணாயிடுமா? ஃபிரிட்ஜு தூக்குறவனை இவனுக்கு முன்னாடி விட்டா அரை நிமிஷம் கூடத் தாங்க மாட்டான். அதோட ராமா தனியா தேறுவானாங்கிற கேள்விக்கு ரெண்டாவது படத்துல கிச்சன் சண்டையே பதில். அதுக்கு முன்னாடிதான் ஒரு காரிடார்ல சுத்தியல் வச்சிருக்கிற பொண்ணையும் பேஸ்பால் மட்டை வச்சிருக்கிறவனையும் ஒரே நேரத்துல சமாளிச்சு ஒடம்பெல்லாம் கிழிஞ்சு வர்றான், வந்தா கிச்சன்ல கொலைகாரனா நடிச்ச செசெப் ஆரிஃப் ரஹ்மான் ஃப்ரெஷ்ஷா நிக்கிறாரு. மொதல்ல வெறுங்கை, அப்புறம் அந்த ஆளு புலி நகம் மாதிரி வளைஞ்ச கெரம்பிட் கத்தியை ரெண்டு கையிலயும் எடுக்குறான், வெள்ளை கிச்சன் கொஞ்சம் கொஞ்சமா செவப்பாகுது, கடைசில ராமா அந்தக் கத்தியில ஒண்ணையே புடுங்கி கணக்கை முடிக்கிறான். தனியா, களைச்சுப் போய், வெட்டுப்பட்ட ஒடம்போட. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?

ஆனா என்னை ராமா பக்கம் இழுத்தது இந்தப் பெரிய சண்டை எதுவும் இல்ல. மொத படத்துல அடிபட்ட சக போலீஸ்காரனைத் தூக்கிட்டு ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பான். வெளிய தேடுற ரவுடி சந்தேகத்துல சுவத்துக்குள்ள பட்டாக்கத்தியைக் குத்திக் குத்திப் பாப்பான், ஒரு குத்து ராமா கன்னத்தைக் கிழிச்சிட்டு நிக்கும். சத்தம் போடக் கூடாது. அது மட்டும் இல்ல, கத்தி வெளிய போகும்போது அதுல ரத்தம் இருந்தா மாட்டிக்குவோம்னு, அந்தாளு இழுக்க இழுக்க இவன் கையாலயே பிளேடைத் தொடைச்சு விடுவான். கன்னம் கிழியுற அந்த செகண்ட்லயும் மண்டை வேலை செய்யுது பாருங்க, அதுதான் ராமா.

டிங்கு அடி வாங்கத் தெரியாதவன்னு நான் சொல்ல வரல. ஊசி போட்டுக்கிட்டு வர்ற வில்லனோட அடியாள் சாமிங் கிட்ட, தோத்தே ஆகணும்ங்கிற கட்டாயத்துல ரிங்குல நின்னு வாங்கி வாங்கி விழுந்தவன் அவன். மறுபடியும் அதே ஆளோட மோதி ஜெயிச்சவன். ஆனா சாமிங் அடிக்கிறதும் முழங்கை, முழங்கால், குத்துதான், டிங்குக்குத் தெரிஞ்ச பாஷைதான் அது. ராமாவோட சிலாத், அதாவது இந்தோனேசியா பக்கத்துச் சண்டைக் கலை, அப்படி இல்ல. கீழ இறங்கும், காலை வாரும், முழங்கால் மூட்டுல உதைக்கும், விழுந்தவனை எழுந்திரிக்க விடாது, சுவரு கதவு தரை எல்லாம் அதுக்கு ஆயுதம். முவேல கழுத்தைப் பூட்டிக்கிட்டு முழங்கால் போடுற கிளின்ச்சுக்குள்ள சிலாத்காரன் குனிஞ்சு போனா மூஞ்சி உடையும், அது நிஜம்தான். ஆனா டிங்கோட பெஸ்ட் அடி பூரா ஆகாயத்துல இருக்கு, காலு தரையை விட்டா திசை மாத்த முடியாது, உள்ள புகுந்து நிக்கிற ஆளு மேல ஓடி ஏற எடமும் கிடைக்காது.

இன்னொண்ணு, டிங்குக்கு வித்தை கத்துக் குடுத்த சாமியாரே இதை உபயோகிக்காதேன்னுதான் சொல்லி அனுப்பினாரு. எதிராளி விழுந்தா டிங்கு நிறுத்திடுவான், அது அவன் தர்மம். ராமா இருக்கிற கட்டிடத்துல பாதி உசுரோட ஒருத்தனை விட்டுட்டுத் திரும்பினா முதுகுல கத்தி.

அதனால என் கணக்கு இப்படித்தான். திறந்த வெளி, கையில ஒண்ணும் இல்ல, நடுவுல பத்தடி இடைவெளின்னா முதல் ஒரு நிமிஷம் டிங்கோடது. அதுக்குள்ள ஒரு முழங்கால் தாடையில உக்காந்தா ஆட்டம் ஓவர், ராமாவா இருந்தாலும் சரி. அந்த நிமிஷம் தாண்டிட்டா கதையே வேற. ராமா ரெண்டு தாவலை வாங்கிப் பாத்துட்டு மூணாவதுக்கு உள்ள வந்துடுவான், நிக்கிற காலை வாருவான், தரைக்குப் போனதும் டிங்கு கிட்ட பதில் இருக்கிற மாதிரி அந்தப் படத்துல நான் ஒண்ணும் பாக்கல. காரிடார், படிக்கட்டு, கிச்சன்னா அந்த ஒரு நிமிஷம் கூடக் கிடையாது. ஜெயிக்கிறது ராமா, ரெண்டு விலா எலும்பு போயிருக்கும், ஒரு வாரம் சோறு மெல்ல முடியாது, அது வேற விஷயம்.

டிரிபிள் திரெட்ல ரெண்டு பேரும் ஒண்ணா நடிச்சாங்களேன்னு யாரும் கமெண்ட்ல லிங்க் போடாதீங்க. 2019ல வந்த அந்தப் படத்துல இருக்கிறது டோனி ஜாவும் இக்கோ உவைஸும்தான், டிங்கும் ராமாவும் இல்ல. குங்ஃபூ பட ஹீரோ ஐப் மேனை இழுத்துட்டு வர்றவங்களுக்குத் தனிப் பதிவு வரும், இங்க வேணாம். மேட் டாக் மேட்டர்ல மட்டும் யாருக்காவது சண்டை போடணும்னா வாங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நான் ஃப்ரீதான்.