பிங் குறைய 300 எம்பிபிஎஸ் நெட் பிளான் தேவையில்லை

வேலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் பற்றி ஒரு நண்பர், "வேலரன்ட்ல பிங் 90 காட்டுதுன்னா நெட் ஸ்பீடு பத்தலை, 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க" என்கிறார். அதை நம்பிக் காசைக் கொட்டிவிடாதீர்கள். இந்த மாதிரி ஆட்டத்துக்கு 1 எம்பிபிஎஸ்கூட முழுசாகத் தேவைப்படாது. பிங் என்பது ஆட்டத்தை நடத்தும் கணினிக்கு, அதாவது சர்வருக்கு, தகவல் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில். நெட் ஸ்பீடு என்பது குழாயின் அகலம் மாதிரி, அது வேறு கணக்கு.

முதலில் எந்த சர்வரில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டிலேயே கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லிசெகண்ட் எப்படியும் ஆகும். கேபிள் சுற்றிப் போகும் தூரம் அதற்கு மேல். எந்த பிளானாலும் இதைக் குறைக்க முடியாது. மும்பை சர்வர் இருக்கிறதே, அதைத் தேர்ந்தெடுங்கள்.

ராத்திரி மட்டும் பிங் எகிறுகிறதா? வீட்டில் யாருடைய போனாவது போட்டோ பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும். அப்லோட் நிரம்பினால் ஆட்டத்தின் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், ரவுட்டரில் வரிசையில் காத்துக் கிடக்கும். (இந்த இடத்தில் மட்டும் பெரிய பிளான் கொஞ்சம் உதவலாம், சரி. ஆனால் பேக்கப்பை நிறுத்துவது இலவசம்.)

அப்புறம், கமாண்ட் பிராம்ப்ட்டில் (விண்டோஸில் கட்டளை தட்டும் ஜன்னல்) உங்கள் ரவுட்டர் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் போட்டுப் பாருங்கள். 1, 2 என்று வரவேண்டியது 40, 80 என்று குதித்தால் கோளாறு வைஃபையில். லேன் கேபிளைச் செருகுங்கள். ரவுட்டர் வரை சீராக இருந்து வெளியே மட்டும் எகிறினால் டிரேஸ்ரூட் (தகவல் போகும் வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) எடுத்து நெட் கம்பெனிக்கு அனுப்புங்கள்.