கில்மன் தெருவின் இருபதாவது பாட்டு

ஆபரேஷன் ஐவி குழுவின் 'எனர்ஜி' இசைத்தொகுப்பை இந்த வாரம் மறுபடி முழுவதுமாகக் கேட்டேன். 1989இல் வந்தது. ஜமைக்காவின் துள்ளலிசையான ஸ்காவும் வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக்கும் கலந்த ஸ்கா-பங்க் இசைக்கு அமெரிக்காவில் பாதை போட்டவற்றில் முக்கியமானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பக்கத்து இளைஞர்கள் நால்வர். தொகுப்பு வந்த ஆண்டிலேயே கலைந்தும் போனார்கள்.

ஆபரேஷன் ஐவி என்ற பெயரிலேயே அரசியல் இருக்கிறது. 1952இல் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் பெயர் அது. அப்போது வெடித்த ஹைட்ரஜன் குண்டில் எலுகெலாப் என்ற தீவே இல்லாமல் போனது. பனிப்போர் ஓயாத நாளில் அதைப் பெயராகச் சூட்டிக்கொண்டவர்கள் ஆட்சியாளர்களைத்தான் வைதிருப்பார்கள் என்று நினைப்போம். பாட்டுகளோ பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவனைப் பிடித்து உலுக்குகின்றன. கூட்டம் போகும் பக்கம் போகிறவனைப் பற்றி ஒன்று, ஜன்னல் இல்லாத அறைக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றி இன்னொன்று. முதல் பாட்டு 'நாலெட்ஜ்' தனக்கு ஒன்றும் தெரியாது என்று கத்துகிறது. மேடையேறி அரசியல் பாடுகிறவர்கள் லேசில் சொல்லாத வார்த்தை!

எனக்கு இடிப்பது 'யூனிட்டி'. தலையை மழித்துக்கொண்டு திரிந்த இனவெறி ஸ்கின்ஹெட் கும்பல்கள் பங்க் நிகழ்ச்சிகளில் புகுந்து அடிதடி செய்த காலம் அது. சண்டையை விடுங்கள், ஒன்றுபடுவோம் என்று பாட்டு மன்றாடுகிறது. யாரோடு? அடிக்க வந்தவனோடுமா? மெட்டு துள்ளுகிற துள்ளலில், இப்படிக் கேட்கத் தோன்றுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் அவர்கள் வளர்ந்த 924 கில்மன் தெரு அரங்கம் பாட்டைவிடத் தெளிவாக இருந்தது. தொண்டர்களே நடத்திய இடம். மது, போதை, வன்முறை கூடாது. இனவெறி, பெண் வெறுப்பு, தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பு கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். யாருக்கு இடமில்லை என்று முடிவானதால்தான் மற்றவர்கள் பயமில்லாமல் ஆட முடிந்தது. தொகுப்பில் இருப்பவை 19 பாட்டுகள். என் கணக்கில் அந்த விதிகள்தான் இருபதாவது.

இசை? துளியும் பழசாகவில்லை. மேட் ஃப்ரீமனின் பேஸ் கிட்டார் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஜெஸ்ஸி மைக்கேல்ஸின் குரல் எப்போதும் கட்டிய தொண்டை. பின்னாளில் வானொலியைப் பிடித்த ஸ்கா-பங்க் குழுக்களின் டிரம்பெட் ஆரவாரமும் இதில் இல்லை. 'பேட் டவுன்' பாட்டில் சாக்ஸபோன் வருகிறது, அவ்வளவுதான். 'சவுண்ட் சிஸ்டம்' என்ற தலைப்பு மட்டும் ஸ்கா பிறந்த ஜமைக்காவில் தெருவில் பெரிய ஒலிபெருக்கிகள் வைத்துப் பாட்டு போட்டு ஆடியதை நினைவூட்டுகிறது. கடன் வாங்கிய இடத்தை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று. பரவலாகக் கிடைப்பது, முந்தைய பாட்டுகளையும் சேர்த்து 1991இல் வந்த 27 பாட்டுப் பதிப்பு. பத்தொன்பதாவது பாட்டான 'மிஷனரி' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதி எட்டும் கை பழகிய காலத்துப் பாட்டுகள், இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.